ஆயுத பூஜைக்குப் பின் அரைத்த எட்டுக் கற்கள்

அக்டோபர் 10, வியாழன்

இன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வார்த்தை. "கிரைண்டர் கிண்ணத்துக்குள்ள ஒண்ணும் படலையேம்மா?" என்று சூசை அண்ணன் கேட்டார். இல்லை என்று நான் சொல்லவில்லை. பட்டது என்றும் சொல்லவில்லை. சிரித்துவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

நாளை விடுமுறை என்பதால் ஆய்வு மையத்தில் ஆயுத பூஜையை இன்றே முடித்துவிட்டார்கள். கல் அறுக்கும் ரம்பம், கல் உடைக்கும் இயந்திரம், தராசுகள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மாடியில், அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கும் அறையின் வாசலை ஜமீல் இரண்டு கைகளாலும் மறித்துக்கொண்டு நின்றான். அந்த இயந்திரம் அவன் பொறுப்பு. "கதவுக்கு மட்டும் வைங்க சார். பொட்டு உள்ள வந்துச்சுன்னா என் தலைலதான் தேங்காய் உடைப்பாங்க." எல்லோரும் சிரித்தார்கள். கீழே அரைக்கும் அறையை மறிக்க யாரும் இல்லை.

சூசை அண்ணன் பூஜையில் நிற்பதில்லை. ஆனால் வாழைக்கன்று கட்டுவது அவர்தான், சுண்டலை முதலில் ருசி பார்ப்பதும் அவர்தான். "சுண்டலுக்கு ஞானஸ்நானம் கெடையாதும்மா" என்பார். இருபது வருடமாகக் கல் அரைக்கும் பிரிவில் ஒப்பந்தத் தொழில்நுட்பர்.

என் ஆய்வு வழிகாட்டி தமயந்தி மேடம் தாம்பாளத்தை என் பக்கம் நீட்டினார். "உமையாள், உன் கிரைண்டருக்கு நீயே வையி. மூணு வருஷமா அது உன் மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டிருக்கு. ஒரு பொட்டாவது கேக்காதா?"

வைத்தேன்.

பிறகு கிண்ணத்தை மூன்று முறை கழுவினேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

விடுதியில் துணி துவைத்தேன். மழை வந்துவிட்டது. எல்லாம் ஈரம்.

மாலையில் சூசை அண்ணன் போன் செய்தார். அவர் மனைவி லூர்து அக்காவுக்குச் சிறுநீரகத்தில் கல். நாளை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார். "வீட்லயும் கல்லு, வேலையிலயும் கல்லு, என் ஜாதகத்தையே மலைலதான் எழுதிருக்கான்" என்று சிரித்தார். சிரிப்பு நடுவில் நின்றது. ஒப்பந்தப் பணியாளர்களுக்கு உண்டான விடுப்பு அவருக்கு ஜூலையிலேயே தீர்ந்துவிட்டது. காலையில் வந்து விரல் ரேகை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாராம். நான்கு நாள்.

"அரைக்கிற நோட்டுல 'கழுவியவர்'ங்கிற எடத்துல என் மொத எழுத்தப் போட்டுக்கம்மா. ஒன்னை நம்பித்தான் போறேன்."

சரி என்றேன். இதைத் தயக்கமில்லாமல் சொன்னேன்.

அக்டோபர் 14, திங்கள்

என் எட்டுக் கற்களை அரைக்கத் தொடங்கினேன்.

கர்நாடகத்தில் ஒரு கைவிட்ட சுரங்கத்தில் துளைபோட்டு எடுத்த சுண்ணாம்புக்கற்கள். சாம்பல் நிறம். குறுக்கே அறுத்தால் உள்ளே அலை அலையாக வரி. ஆழமில்லாத ஒரு கடலில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் படலம் படலமாக விட்டுச்சென்ற வரிகள் அவை. எப்போது என்பதுதான் என் ஆய்வு. வயது கிடைத்தால், அந்த உயிர்கள் மூச்சுவிட்ட கடலுக்கும் காற்றுக்கும் ஒரு தேதி கிடைக்கும். மூன்று வருடங்களில் கிடைக்கவில்லை.

கையில் கிடைத்த வரிசையில் எடுத்தேன். இன்று 5, 2.

ஒவ்வொரு கல்லுக்கு முன்னும் சுத்தமான வெள்ளை மணலை அரைத்துக் கொட்ட வேண்டும். முந்தைய கல் கிண்ணத்தில் விட்டுப்போனதை அது இழுத்துக்கொண்டு போய்விடும். மணல் இருக்கும் அலமாரியின் சாவி அண்ணனின் கொத்தில். ஆஸ்பத்திரியில் நிற்கும் மனிதரை இதற்காகக் கூப்பிட மனம் வரவில்லை. ஆல்கஹால் ஊற்றித் துடைத்தேன். பதிவேட்டில் வழக்கமான வரி எழுதினேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

8, 1. குடை தொலைந்தது.

அக்டோபர் 16, புதன்

3, 7. லூர்து அக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எடுத்த கல்லை டாக்டர் டப்பியில் போட்டுக் கொடுத்தாராம். "கொண்டாரேன், வயசு பாத்துச் சொல்லு" என்றார் அண்ணன்.

அக்டோபர் 17, வியாழன்

6, 4. முடிந்தது. குடை கிடைத்தது, ஜமீலிடம்.

நவம்பர் 19, செவ்வாய்

ஒரு மாதமாக அமில அறை. தலை முதல் கால் வரை வெள்ளை உடை, இரட்டைக் கையுறை. காதணி கழற்றி, முகப்பூச்சு இல்லாமல்தான் உள்ளே போக வேண்டும். கல் பொடியைக் கரைத்து, அதிலிருக்கும் இம்மியளவு ஈயத்தைத் தனியே பிரிப்பது என் வேலை. நம் தோலில், தூசியில், பெயின்ட்டில், எங்கும் ஈயம். வெறும் அமிலத்தை மட்டும் வைத்து அதே வேலையைச் செய்து பார்த்தேன்; வெளி ஈயம் ஏறக்குறைய இல்லை. மேடம் மகிழ்ந்தார். "சுத்தம்னா இது சுத்தம்."

இந்தச் சோதனை அமில அறைக் கதவிலிருந்துதான் தொடங்குகிறது. கிரைண்டர் கதவுக்கு அந்தப் பக்கம். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

கோடு விழுந்தது.

காலை பதினொன்றரைக்கு ஜமீல் கூப்பிட்டான். "ஏய், மேல வா. நடந்து வராத, ஓடி வா."

ஈயத்தில் நான்கு வகை. ஒன்று மாறாமல் அப்படியே இருக்கும். இன்னும் இரண்டு, கல்லுக்குள் இருக்கும் யுரேனியம் சிதையச் சிதைய, காலத்தோடு கூடிக்கொண்டே போகும். எட்டுக் கற்களையும் அளந்து எட்டுப் புள்ளிகள் வைத்தால், அவை ஒரே கடலில் ஒரே காலத்தில் பிறந்தவையாக இருந்தால், நேர்கோட்டில் விழும். கோட்டின் சாய்வுதான் வயது. திரையில் எட்டுப் புள்ளிகளும் ஸ்கேல் வைத்தாற்போல் நின்றன. 295 கோடி ஆண்டு.

அந்தப் பகுதிக் கற்களுக்கு 260 கோடிக்குமேல் யாரும் எதிர்பார்க்கவில்லை. இது முப்பத்தைந்து கோடி கூடுதல். காற்றில் ஆக்சிஜன் நிலைத்ததற்கு மிக முன்பே இந்த உயிர்கள் ஒரு கடலோரம் முழுக்கப் படர்ந்திருந்தன என்றாகும்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். "இந்த மாதிரி கோடு நான் பாடப்புத்தகத்துலகூடப் பார்த்ததில்லடி." இதுவரை என்னை அவர் 'டி' போட்டதில்லை.

சூசை அண்ணன் கீழிருந்து வந்து எட்டிப் பார்த்தார். "நம்ம அரைச்ச மாவுதானே? இட்லி பூப்போல வரும்னு எனக்குத் தெரியும்."

டிசம்பர் 15, ஞாயிறு

நூலகம். பழைய பூமியைப் பற்றி வாசித்தேன். இரும்பு கரைந்த பச்சைக் கடல். மூச்சுவிட முடியாத, ஒருவேளை ஆரஞ்சு நிற வானம். ஒரு மீன் இல்லை, ஒரு புழு இல்லை. ஏறக்குறைய நானூறு கோடி ஆண்டுகள் இந்தப் பூமியில் பயம் என்று ஒன்று இருந்ததில்லை. பயப்பட ஒரு உடம்பு வேண்டும். அது மிகச் சமீபத்தில் வந்தது.

மகிழ்ச்சியாக இருக்கவேண்டிய நேரத்தில் ஏன் இதை யோசிக்கிறேன்? கோடு அவ்வளவு நேராக இருக்கிறது.

ஜனவரி 10, வெள்ளி

கட்டுரை ஆய்விதழுக்குப் போய்விட்டது. என் பெயர் முதலில். மேடம் எல்லோருக்கும் பால்கோவா வாங்கித் தந்தார்.

அண்ணனிடம், "சூசை, இந்த வருஷம் உன் ஒப்பந்தத்த நானே டைரக்டர்கிட்டப் பேசுறேன். வருஷா வருஷம் நீ கையைக் கட்டிக்கிட்டு நிக்க வேணாம், அஞ்சு வருஷத்துக்கு ஒரேயடியா போட்டுருவோம்" என்றார். இப்போதைய ஒப்பந்தம் மார்ச் 31 வரை.

"போட்டீங்கன்னா என் பொண்ணு காலேஜ் முடிச்சிரும் மேடம்" என்றார் அண்ணன். என்னைப் பார்த்து, "இந்தப் புள்ள கையிராசி."

ஜனவரி 19, ஞாயிறு

விடுதிச் சமையலறையில் காபி போட்டேன். அறைத்தோழிகள் ஐந்து பேர், ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு நிறம் வேண்டும். ஒரே டிகாக்‌ஷன், ஒரே பால். கறுப்பிலிருந்து வெளுப்பு வரைக்கும் டம்ளர்கள் மேடையில் வரிசையாக நின்றன.

அப்படியே நின்றுவிட்டேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

இரண்டு வெவ்வேறு பொருட்களைப் பல அளவில் கலந்தாலும் நேர்கோடுதான் விழும். எல்லா டம்ளரும் டிகாக்‌ஷனுக்கும் பாலுக்கும் நடுவில்தான் எங்கேயோ நிற்கும். அந்தக் கோட்டிலும் ஒரு சாய்வு இருக்கும். அதிலிருந்தும் ஒரு வயது கணக்கிடலாம். அது எதனுடைய வயதும் இல்லை.

அறைக்கு வந்து இந்த நோட்டைத் திருப்பினேன். அக்டோபர் 14 முதல் 17 வரை: 5, 2, 8, 1, 3, 7, 6, 4.

கோட்டின் படத்தை எடுத்தேன். மேல் முனையிலிருந்து கீழ் முனைவரை புள்ளிகளின் எண்களை வாசித்தேன்.

5, 2, 8, 1, 3, 7, 6, 4.

கற்கள் கடலில் படிந்த வரிசை அது அல்ல. நான் அரைத்த வரிசை. முதல் கல்லில் அதிகமாகக் கலந்து, கடைசிக் கல்லில் ஏறக்குறையத் தீர்ந்துபோன ஏதோ ஒன்று.

படத்தை மடித்து நோட்டுக்குள் வைத்தேன்.

ஜனவரி 20, திங்கள்

சொல்லவில்லை.

கிண்ணத்தைப் போய்ப் பார்த்தேன். அகேட் என்ற கடினமான கல்லில் கடைந்தது, கண்ணாடிபோல் வழவழப்பு. அடியில் மயிரிழையாய் ஒரு விரிசல். நகத்தால் தடவினால்தான் தெரிகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். விரிசலில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுதான் பயமாக இருந்தது. இருந்ததெல்லாம் என் எட்டுக் கற்களுக்குள் போய்விட்டது.

"என்னத்தம்மா தேடுற?" என்றார் அண்ணன்.

"சும்மா."

ஜனவரி 28, செவ்வாய்

சொல்லவில்லை. மேடத்துக்குக் காய்ச்சல். காய்ச்சலில் இருப்பவரிடம் எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 1, சனி

மேடத்துக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. என் அலமாரியை அடுக்கினேன். செருப்பு தைக்கக் கொடுத்தேன். பழைய கட்டுரைகளைத் தேதிவாரியாக வைத்தேன்.

பிப்ரவரி 5, புதன்

அலுவலகச் சாமி மாடத்தில், பூஜைக்கு வாங்கிய அதே குங்குமப் பாக்கெட் இருந்தது. மலிவான, கண்ணைப் பறிக்கும் சிவப்பு; அந்த நிறத்துக்காக ஈயப் பொடி கலப்பதுண்டு. ஒரு கடுகளவு எடுத்துக் கரைத்தேன். அமில அறைக்குள் கொண்டுபோகவில்லை, வெளியே தனிப் புட்டியில். ஈயத்தைப் பிரித்து, ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்தேன். பெயர் எழுதும் இடத்தில் 'ஒன்பது' என்று எழுதி ஜமீலிடம் கொடுத்தேன். கை கழுவக் கழுவ, நகக்கண்ணில் சிவப்பு போகவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

"இது எந்த ஊருக் கல்லு?" என்று கேட்டான் ஜமீல். "எங்க ஊர்" என்றேன்.

"இவ்வளவு தண்ணியாக்கியும் ஈயம் கொட்டுது. அதுகூடப் பரவால்ல, இங்க பாரு. உன் கோட்டுக்கு வால் மொளச்சிருக்கு."

ஐந்தாம் எண்ணுக்கு மேலே, கோடு நீளும் அதே திசையில், துளிகூட விலகாமல் ஒன்பதாம் புள்ளி. கோட்டின் ஒரு முனையில் என் கற்கள், மறு முனையில் குங்குமப் பாக்கெட்.

"நல்லதுதானே? ஒன்பது புள்ளி ஆச்சு" என்றான்.

"இத யார்கிட்டயும் சொல்லாத ஜமீல்."

அவன் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

பிப்ரவரி 7, வெள்ளி

இதை எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

பூஜையன்று எல்லோரும் இயந்திரங்களுக்கு வெளியேதான் பொட்டு வைத்தார்கள். நானும் கிரைண்டரின் நெற்றிக்கு ஒன்று வைத்தேன். எல்லோரும் சுண்டலுக்கு நகர்ந்தபின் மூடியைத் திறந்து, மோதிர விரலால் கிண்ணத்தின் நடுவில் அழுத்தி ஒன்று வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு நம்பிக்கை கிடையாது என்று விடுதியில் வாதாடுகிறவள் நான். மூன்று வருடம் ஒன்றும் கிடைக்காதவளுக்கு வேறு யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. ஒரு கோடு கொடு என்று கேட்டேன்.

கொடுத்தது.

மணலும் போடவில்லை. ஒரே ஒரு முறை மணலை அரைத்துக் கொட்டியிருந்தாலும் முக்கால்வாசி போயிருக்கும். போடாத மணலைப் போட்டதாக எட்டு முறை எழுதினேன். எட்டு முறையும் பக்கத்தில் 'சூ' என்று வேறொருவர் எழுத்தைப் போட்டேன்.

மேடத்திடம் உண்மையைச் சொன்னால், அண்ணன் அந்த நான்கு நாட்களும் விரல் வைத்துவிட்டுப் போய்விட்டது தெரிந்துவிடும். அதனால்தான் சொல்லவில்லை.

இந்தக் கடைசி வரியை இரண்டு முறை வாசித்தேன். அது முழுக்க உண்மையில்லை.

மார்ச் 3, திங்கள்

ஆய்விதழிலிருந்து, கட்டுரையை மதிப்பிட்ட நடுவரின் குறிப்பு வந்தது. ஒரு பக்கம் பாராட்டு. கடைசியில் ஒரு கேள்வி: அரைக்கும்போது வெளி ஈயம் கலக்கவில்லை என்று எப்படித் தெரியும்? ஏதேனும் இரண்டு கற்களை மறுபடி அரைத்து அளந்து அனுப்பவும்.

மேடம் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். எடுத்துவந்தேன். விரலை ஓட்டிப் படித்தார். "பாரு, ஒவ்வொண்ணுக்கும் முன்னால மணல் போட்டுக் கழுவியிருக்கான். சூசை எழுத்து. இவனை மாதிரி ஆளு கெடைக்காது. மறுபடி அரைக்கட்டும், ஒரு வாரத்துல அனுப்பிருவோம்."

பதிவேட்டைத் திரும்ப வைக்கும்போது இரண்டு முறை கீழே போட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

அண்ணன் 5-ஐயும் 8-ஐயும் அரைத்தார். இரண்டு கைப்பிடி மணல் முதலில், பிறகு கல், பிறகு மறுபடி மணல். அவசரமே இல்லை. பாட்டுப் பாடிக்கொண்டே செய்தார். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

மார்ச் 14, வெள்ளி

இரண்டு புள்ளிகளும் கோட்டில் இல்லை. எங்கோ கீழே கிடக்கின்றன.

மேடம் இரண்டு எண்களையும் பேனாவால் சுழித்தார். பிறகு, "அக்டோபர்ல அரைச்ச பொடி கெட்டுப்போயிருக்கு" என்றார். பதிவேட்டைத் திறந்தார். எதையும் படிக்கவில்லை, அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கழுவாமலே கழுவினேன்னு எழுதியிருக்கான். இவனா?"

நான் அறையில்தான் இருந்தேன்.

மார்ச் 17, திங்கள்

அண்ணனை டைரக்டர் அறைக்குக் கூப்பிட்டார்கள். இருபது நிமிடம். வெளியே வந்தவரின் முகத்தைப் பார்க்கப் பயந்து, நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் நின்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லையாம். கழுவினேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள்.

ஆக, அக்டோபரிலிருந்து என்னிடம் இருக்கும் மௌனம் இப்போது அவரிடம். என் மௌனம் என்னைக் காத்தது. அவருடையதும் என்னைத்தான் காக்கிறது.

சாப்பிட முடியவில்லை. படிக்கட்டில் யாராவது வரும் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

மார்ச் 19, புதன்

மதியம் கல் கிடங்கின் பின்னால் அண்ணன் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தார். நானாகப் போனேன்.

"நீ ஒண்ணும் சொல்லிறாதம்மா" என்றார், நான் வாயைத் திறக்கும் முன்பே. "சொன்னீன்னா ரெண்டு பேருக்கும் போவும். கவனக்கொறைவுன்னு எழுதிக் குடுத்துர்றேன். திட்டுவாங்க. இருவது வருசத்துல திட்டு வாங்காத ஆளா நானு? மேடம் கோவம் வைக்கோலு மாதிரி, குபுக்குனு எரியும், அடங்கிரும்."

"அண்ணே..."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்குறேன். யாருக்காகவும் இல்ல, எனக்குத் தெரியணும். நான் இல்லாத நாலு நாளும் மணல் போட்டியாம்மா?"

தண்ணீர் குழாயிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் குழாயை மூடினார். டிபன் பாக்ஸைத் துடைத்து, அடுக்குகளைச் சேர்த்துக் கொக்கி போட்டார். "சரி" என்றார். போய்விட்டார்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 20, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மேடம் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தினேன். "கிண்ணத்துக்குள்ள குங்குமம் வச்சது நான் மேடம்" என்றேன். இரண்டு மாதமாக மனதில் தயார் செய்த பேச்சில் இந்த வாக்கியம் கடைசியில் இருந்தது, முதலில் வந்துவிட்டது.

"எந்தக் கிண்ணம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பதாம் புள்ளியின் தாளைக் கொடுத்தேன். அவர் ஸ்பூனை மூடிமேல் வைத்துவிட்டுத் தாளைப் பார்த்தார். கோபம் உடனே வரவில்லை. முதலில் அவர் படித்தது அறிவியலைத்தான். "குங்குமம்..." என்றார், தனக்குத்தானே. "அரைச்ச வரிசை. அட பாவி."

பிறகு நிமிர்ந்தார். "இது உனக்கு எப்பத் தெரியும்?"

"ஜனவரி பத்தொம்பது."

விரல்விட்டு எண்ணினார். "அறுபது நாள். அறுபது நாளா இந்த ரூமுக்கு வந்து, இந்த நாற்காலியில உக்காந்து, என்கூட காபி குடிச்சிருக்கே."

"ஆமாம் மேடம்."

"நான் கோடு போச்சேன்னு கேக்கல. கோடு போகும், வரும். சூசைய நான் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்துட்டேன்டி."

தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"மணல் போட்டதா எழுதி அவன் எழுத்தப் போட்டது?"

இதற்கு மட்டும் ஒரு பொய்யைத் தயார் செய்திருந்தேன். "அவருக்குத் தெரியாம நான் போட்டேன். அவர் இங்கதான் இருந்தார். வேற வேலைல இருந்தார். நான் கேக்கவே இல்ல."

மேடம் சாப்பாட்டு டப்பாவை மூடினார். "சரி. எல்லாத்தையும் எழுதிக் குடு. கட்டுரையத் திரும்ப வாங்கிருவோம்."

படியிறங்கும்போது கால் லேசாக இருந்தது. வந்து ஒரு தட்டு நிறையச் சாதம் சாப்பிட்டேன். ஒரு பொய்தான். அது யாரையும் கெடுக்காத பொய் என்று நினைத்தேன்.

மார்ச் 21, வெள்ளி

காலையில் அரைக்கும் அறைக்குப் போனபோது சூசை அண்ணன் சாவிக்கொத்திலிருந்து மணல் அலமாரிச் சாவியைத் தனியே கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, எனக்காகப் பொய் சொன்னியாமே."

வாசலிலேயே நின்றேன்.

"மேடம் கூப்பிட்டு, 'தப்பு உன்மேல இல்ல சூசை, நீ இங்க இருக்கும்போதே உனக்குத் தெரியாம அந்தப் பொண்ணு பண்ணிருக்கா'ன்னு சொன்னாங்க. யோசிச்சுப் பாத்தேன். நாலு நாளு நான் இங்க இருக்கேன். எட்டுக் கல்லு மணல் இல்லாம அரைபடுது. நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன். அப்பிடின்னுதானே ஆவுது?"

"உங்க வேலை போயிரக்கூடாதுன்னுதான்ணே..."

"இருவது வருசத்துல மணல் போடாம ஒரு கல்ல நான் உள்ள விட்டதில்லம்மா." குரல் உயரவில்லை. "நான் இருந்தா அது நடந்திருக்காது. நடந்துச்சுன்னா நான் இல்ல. அவ்வளவுதான். ஆஸ்பத்திரில இருந்தேன், வெரல் வச்சிட்டுப் போனேன், எழுத்தப் போடச் சொன்னது நான்தான்னு சொல்லிட்டு வந்துட்டேன். டைரக்டர்ட்டயும் எழுதிக் குடுத்துட்டேன்."

சாவியை என் கையில் வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"சாவி வேணும்னு ஒரு போன் அடிச்சிருக்கலாம்லம்மா. ஆஸ்பத்திரி மூணாவது மாடில ஜன்னலோரம்தான் உக்காந்திருந்தேன். நாலு நாளும் சும்மாத்தான் உக்காந்திருந்தேன்."

ஜூன் 16, திங்கள்

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. என் உதவித்தொகையை மூன்று மாதம் நிறுத்தினார்கள். இந்த மாதத்திலிருந்து மறுபடி தருகிறார்கள். எட்டுக் கற்களையும் புதுக் கிண்ணத்தில், ஒவ்வொன்றுக்கும் முன்னால் மணலோடு, நானே அரைத்தேன். புள்ளிகள் கொஞ்சம் சிதறித்தான் விழுந்தன. வயது 261 கோடி ஆண்டு, எல்லோரும் எதிர்பார்த்ததுதான். மேடம் என்னிடம் வேலை விஷயம் மட்டும் பேசுகிறார்.

சூசை அண்ணனின் ஒப்பந்தம் மார்ச் 31-ஆம் தேதி முடிந்தது. புதுப்பிக்கப்படவில்லை. ஆணையில் எழுதியிருந்த காரணம்: அக்டோபர் 14 முதல் 17 வரை பணியிடத்தில் இல்லாதது.